சுரப்புக்காலம்

காலை எட்டு மணி பதினெட்டு நிமிடம். சுபாஷினி ஆய்வகப் பூட்டில் விரலை வைத்தாள். பூட்டு திறப்பதற்குள் பின்னால் குரல் கேட்டது.

"டாக்டர், ஒரு நிமிஷம்."

படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வட்ட முகம். மடியில் ஒரு மரப்பெட்டி. கண்ணாடி ஸ்லைடுகளை அடுக்கி வைக்கும் பெட்டி.

"என் பேரு நிரஞ்சனா. பத்தரைக்கு மேல்மாடித் தீர்ப்பாயத்துல எங்க கேஸ். கோகுல்நாத் என் புருஷன்."

"அப்படின்னா நீங்க என்கிட்டப் பேசவே கூடாது."

"தெரியும்."

"தெரிஞ்சா எழுந்து போங்க."

"நீங்க குடுத்த சான்று தப்புன்னு சொல்ல வரல."

சுபாஷினி நின்றாள். நான்கு வருடங்களாக இந்தக் கதவுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் அதைச் சொல்லத்தான் வந்தார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். ஒரு கிழவர் செருப்பை எறிந்தார், பிறகு நொண்டிக்கொண்டே போய் அதை எடுத்துக்கொண்டார்.

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"உங்க ரிப்போர்ட்டை நான் மூணு தடவை படிச்சேன். அவர் கட்டி எரியுது. நம்பறேன்."

எரியுது. அது ஆய்வக வார்த்தை. கட்டியின் மெல்லிய சீவலில் ஆத்திரத்தைத் தூண்டும் ஹார்மோன் மரபணு வேலை செய்துகொண்டிருந்தால், சாயம் அதைப் பிடித்துக்கொள்ளும். புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும். வெளியாட்கள் யாரும் அதை எரிவது என்று சொல்வதில்லை.

"எங்க வேலை பாக்கறீங்க?"

"கரூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. திசுவைப் பதிச்ச மெழுகுக் கட்டையைச் சீவற வேலை. பதினாலு வருஷம்."

"டெக்னீஷியன்."

"ஆமா. நீங்க பாக்கறதை எங்கள மாதிரி ஆளுங்கதான் வெட்டித் தர்றோம்."

சுபாஷினி உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. அதை ஏன் செய்யவில்லை என்று பின்னால் யோசித்துப் பார்த்தாள்.

நிரஞ்சனா உள்ளே வந்து பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"உங்க வேலையை நான் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்றாள். "தலைக்குள்ள பட்டாணி அளவு ஒரு சுரப்பி. அதுல கட்டி வர்றது முன்னல்லாம் அபூர்வம். இப்ப நாப்பது பேருக்கு ஒருத்தர். ஏன்னு யாருக்கும் தெரியாது. கட்டியில ஒரு மரபணு ஓயாம வேலை செஞ்சா, ஆளு எந்நேரமும் சண்டைக்கு நிப்பான். அது வேலை செஞ்ச காலம் சுரப்புக்காலம். சுரப்புக்காலத்துல அடிச்சா, அடிச்சது ஆளு இல்ல, கட்டி. கட்டியை எடுத்து ரெண்டு வருஷம் ஆயிட்டா வீடும் பிள்ளையும் திரும்ப அவருக்கு. சரியா?"

"சட்டம் நான் எழுதல."

"சட்டத்துக்குக் கையெழுத்து நீங்கதானே."

"அம்மா, கட்டியோட அடுக்குகளை எண்ணினா அது எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியும். உங்க கணவருக்கு அஞ்சரை வருஷம் முன்னால ஆரம்பிச்சிருக்கு. உங்க பொண்ணுக்குக் கையில அடிபட்டது நாலு வருஷம் முன்னால. காலத்துக்குள்ள வருது. அத்தோட என் வேலை முடிஞ்சுது."

"அடிபடல. நேத்ராவுக்கு அப்ப அஞ்சு வயசு. கையைக் கதவிடுக்குல வெச்சுக் கதவைச் சாத்தினார். ரெண்டு விரல் இன்னும் மடங்காது."

"அதைச் செஞ்சது கட்டி."

"கட்டி எந்தக் கையால சாத்துச்சு?"

சுபாஷினி மேசையிலிருந்த மரப்பெட்டியைப் பார்த்தாள்.

"நேத்ரா கீழ உக்காந்திருக்கா" என்றாள் நிரஞ்சனா. "குழந்தைகள் அறைல. கையோட கூட்டிட்டு வரணும்னு நோட்டீஸ். உத்தரவு ஆனதும் அங்கயே அவர்கிட்ட ஒப்படைப்பாங்களாம். மாத்துத்துணி எடுத்துட்டு வரச் சொன்னாங்க. எடுத்துட்டு வந்திருக்கேன்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒரு கேள்வி. இதுவரைக்கும் எத்தனை சான்று எழுதியிருப்பீங்க?"

"நானூத்திப் பன்னெண்டு."

"எரிஞ்ச கட்டி எத்தனை?"

"முந்நூத்துச் சொச்சம்."

"அந்த முந்நூறு பேரும் அடிச்சவங்களா?"

"அடிச்சதாலதானே கேஸ்."

"அடிக்காதவங்க கட்டி எத்தனை பார்த்தீங்க?"

"கேஸ் இல்லாம எங்ககிட்டத் திசு வராது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் சுபாஷினியின் காதில் விழுந்தது. நிரஞ்சனா அதைத் திரும்பச் சொல்லவில்லை. பெட்டியின் கொக்கியைக் கழற்றினாள்.

"எங்க ஆஸ்பத்திரிக்கு வரும். தலைவலின்னு வருவாங்க, கண்ணு மங்குதுன்னு வருவாங்க. கட்டியை எடுப்பாங்க, நான் சீவுவேன். புத்துநோயா இல்லையான்னு மட்டும் பார்த்துட்டு மெழுகுக் கட்டையை அலமாரியில போட்டுருவாங்க. போலீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது. அதுல முப்பத்தோரு கட்டை எடுத்து உங்க சாயம் போட்டேன்."

"சாயம் ஏது?"

"காலாவதியானதைக் கொட்டச் சொன்னாங்க. கொட்டல."

"நோயாளிங்க அனுமதி?"

"இல்ல."

"இதுக்கே உங்களை உள்ள தள்ளலாம்."

"தள்ளுங்க. பார்த்துட்டுத் தள்ளுங்க."

"காலாவதியான சாயத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"காலாவதியான சாயம் மங்கலாத் தெரியும். கூடுதலாத் தெரியாது. எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா? பயமா இருந்தா சொல்லுங்க, போயிடறேன்."

சுபாஷினி விளக்கை அணைத்தாள்.

முதல் ஸ்லைடு எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. மூன்றாவது இருட்டு. நான்காவது எரிந்தது. நிரஞ்சனா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவள் கை ஸ்லைடின் ஓரத்தை மட்டும் தொட்டது. நல்ல டெக்னீஷியன்.

"இது பஸ் கண்டக்டர். சில்லறை இல்லேன்னாக்கூடக் கத்த மாட்டாராம். இது நர்சரி டீச்சர். இது சாயப்பட்டறை மேஸ்திரி, இவர் மட்டும் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. கை நீளாது."

"யார் சொன்னா?"

"மறுபரிசோதனைக்கு வரும்போது வீட்டு ஆளுங்ககிட்டக் கேட்டேன்."

பதினெட்டு. பத்தொன்பது. சுபாஷினி காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். முப்பதில் இருபத்திரண்டு எரிந்தது. அவளுடைய நானூற்றுப் பன்னிரண்டிலும் அதே அளவுதான். கணக்கு போட வேண்டியிருக்கவில்லை.

முப்பத்தோராவது ஸ்லைடை நிரஞ்சனா கொடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுகிட்டு உங்க புருஷன் அடிப்பாரான்னு கேட்டீங்க" என்றாள் சுபாஷினி. குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. "எந்தப் பொம்பளை ஆமான்னு சொல்லுவா? நீங்க கேட்டப்ப உங்ககிட்ட உண்மை சொல்லணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்து? அடி வாங்கினவங்க பாதிப் பேர் கதவுல இடிச்சுக்கிட்டேன்னுதான் சொல்லுவாங்க. மேல போய் இதைச் சொன்னா அஞ்சு நிமிஷம் நிக்காது. இந்த முப்பதுல எத்தனை பேருக்கு நீங்க சத்தியம் பண்ண முடியும்? இவர் நிச்சயமா அடிக்கலேன்னு?"

"இந்த முப்பதுல யாருக்கும் முடியாது."

"அப்புறம்?"

"இதுக்கு முடியும்."

நிரஞ்சனா கடைசி ஸ்லைடை வைத்தாள்.

சுபாஷினி கண்ணை வில்லையில் வைத்தாள், உடனே ஒளியைக் குறைத்தாள். அவ்வளவு பச்சை. ஓரத்திலிருந்து ஓரம் வரை எரிந்தது. காலாவதியான சாயத்தில் இப்படி எரிந்தால் நல்ல சாயத்தில் எப்படி எரியும் என்று நினைத்தாள். அடுக்குகளை எண்ணினாள். இரண்டாம் முறையும் எண்ணினாள்.

"ஆறு வருஷ அடுக்கு" என்றாள். "யாரோடது?"

"என்னோடது."

குளிர்பதனப் பெட்டி ஒரு முறை உறுமிவிட்டு அடங்கியது.

"பதினோரு மாசம் முன்னால எடுத்தாங்க. என் கட்டையை நானே சீவினேன். எங்க ஊர்ல வேற ஆள் இல்ல."

சுபாஷினி எழுந்து விளக்கைப் போட்டாள். அந்த வட்ட முகத்தை இப்போதுதான் ஒரு மருத்துவராகப் பார்த்தாள். கழுத்தின் பின்னால் திரண்டிருந்த சதை. முழங்கையில் கன்றிய தடங்கள். எல்லாம் அந்தச் சுரப்பிக் கட்டியின் அடையாளங்கள். படிக்கட்டிலேயே பார்த்திருக்க வேண்டும். மனிதர்களைப் பார்த்து வெகுகாலமாகிவிட்டது. அவளிடம் வருவது சீவல்கள்தான்.

"அப்ப ஆரம்பிச்சது ஏழு வருஷம் முன்னால. எடுத்து ரெண்டு வருஷம் ஆகல" என்றாள்.

"ஆகல."

"சட்டம் ரெண்டு பக்கமும் வெட்டும். எரிஞ்ச கட்டி இருந்தவங்க பொறுப்புல ரெண்டு வருஷத்துக்குப் பிள்ளை இருக்கக் கூடாது. அம்மாவா இருந்தாலும். அவருக்கு எடுத்து ரெண்டு வருஷமும் ஒரு மாசமும் ஆச்சு. அவர் சுத்தம். நீங்க இல்ல."

"தெரியும்."

"நான் பார்த்ததை எழுதியாகணும். எழுதினா உங்க கேஸைக் கேக்கக்கூட மாட்டாங்க. பத்தே முக்காலுக்குப் பொண்ணு அவர் கையில."

"இதைக் காட்டலேன்னா?"

காட்டாவிட்டாலும் பத்தே முக்கால்தான். இன்றைய உத்தரவு ஏற்கெனவே தட்டச்சாகி மேலே இருந்தது.

சுபாஷினி அந்தக் கடைசி ஸ்லைடை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். "மேல்முறையீடு இருக்கு. ஒரு வருஷம் பொறுத்தீங்கன்னா உங்களுக்கும் ரெண்டு வருஷம் முடிஞ்சுடும். அப்ப போடுங்க. இந்த ஸ்லைடை எடுத்துட்டுப் போங்க. நான் முப்பதுதான் பார்த்தேன்னு வெச்சுக்கறேன்."

"முப்பதும் பார்க்கலேன்னு வெச்சுக்கிட்டா இன்னும் வசதிதானே?"

"உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"ஒரு வருஷமா? அவளுக்கு இன்னும் எட்டு விரல்தான் மிச்சம் இருக்கு டாக்டர்."

"இப்ப அவர் வேற ஆள்."

"அதை நீங்க பார்த்தீங்களா? கட்டியைத்தான் பார்த்தீங்க."

சுபாஷினி மேசை இழுப்பைத் திறந்து சான்றுப் படிவத்தை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். மறுபடி மூடினாள்.

"என் நானூத்திப் பன்னெண்டும் போயிடும்" என்றாள்.

"போகட்டும்" என்றாள் நிரஞ்சனா. "எழுதுங்க."

*

தீர்ப்பாயத்தில் வக்கீல்கள் கிடையாது. ஒரு நீள மேசை. ஒரு பக்கம் தலைவர். எதிரே கட்சிக்காரர்கள், பக்கவாட்டில் நிபுணர். தலைவர் சந்தானகோபாலுக்குச் சளி பிடித்திருந்தது. பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

கோகுல்நாத் முன்னதாகவே வந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்து நாற்காலியில் புதுப் புத்தகப்பை. விலை அட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. சுபாஷினியைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

"டாக்டரம்மா, உங்க கையெழுத்தை லாமினேட் பண்ணி பர்ஸ்லயே வெச்சிருக்கேன். வேலைக்குப் போற இடத்துல எல்லாம் அதைத்தான் முதல்ல காட்டறேன். எனக்கு நீங்கதான் சாமி."

அவள் திரும்பக் கும்பிடவில்லை.

சுரப்புக்காலத்தைக் காட்டித் தண்டனையிலிருந்து விலக்கு பெற்றவர்கள் முதலில் உறுதிமொழி சொல்ல வேண்டும். கோகுல்நாத் எழுந்து நின்று, உண்மையே பேசுவதாகப் பிரமாணம் எடுத்துவிட்டு, மனப்பாடமாகச் சொன்னான். "என் கையால் நடந்ததை நான் மறுக்கவில்லை. அதைச் செய்தவன் நானல்ல. அவன் இப்போது இல்லை." கடைசி வார்த்தையில் குரல் லேசாகக் கம்மியது. அவன் நடிக்கவில்லை. அதுதான் சுபாஷினிக்குப் பயமாக இருந்தது.

"செத்துப்போனவனுக்குத் திவசமும் குடுத்துட்டியா?" என்றாள் நிரஞ்சனா.

"நிரூ, நீ கோவப்படறது நியாயம்தான்."

"ரெண்டு பேரும் என்னைப் பார்த்துப் பேசுங்க" என்றார் தலைவர். "டாக்டர், சான்று தெளிவா இருக்கு. சேர்க்க ஏதாவது உண்டா?"

"உண்டு சார்."

சுபாஷினி சொன்னாள். முப்பத்தோரு ஸ்லைடு, காலாவதியான சாயம், அனுமதி இல்லாமல் எடுத்த திசு, எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சுருக்கமா என்ன சொல்ல வர்றீங்க?"

"கட்டி எரிஞ்சவங்க அடிப்பாங்கன்னு நாம நினைச்சோம். அடிச்சவங்க தலையை மட்டும்தான் திறந்து பார்த்தோம். அடிக்காதவங்களுக்கும் அதே அளவு எரியுது போலிருக்கு."

"போலிருக்கா?"

"முப்பது பேருக்கு நிரூபிக்க முடியாது. ஒருத்தருக்கு முடியலாம்."

"யாரு?"

"இவங்க."

கோகுல்நாத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தான். அன்றைக்கு முதன்முறையாக அவன் முகத்தில் பாடமாக்காத ஏதோ ஒன்று வந்து போனது.

"உனக்கா? எப்பலேர்ந்து?"

"ஏழு வருஷம்" என்றாள் சுபாஷினி. "உங்களுக்கு வர்றதுக்கு ஒண்ணரை வருஷம் முன்னாலயே. உங்களைவிட ஜாஸ்தி எரியுது."

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். "நாலு வருஷம் கழிச்சு இதைச் சொல்றீங்களே டாக்டர். உங்க சான்றை வெச்சு நான் எத்தனை வீட்டுக்கு ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அந்த வீடுகள்ல அடி வாங்கி ரெண்டு பேர் இப்ப உயிரோட இல்ல. கட்டி திரும்ப வந்திருக்கும்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க."

"ஆமா."

"வந்திருந்துதா?"

"எடுத்துப் பார்க்கக் கட்டியே இல்ல சார்."

தலைவர் நிரஞ்சனா பக்கம் திரும்பினார். அவர் குரலில் இரக்கம் இல்லை.

"அம்மா, நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு புரியுதா? இப்ப இந்த நிமிஷத்துல சட்டப்படி உங்ககிட்டப் பிள்ளை இருக்கக் கூடாது. நான் பேனாவை எடுத்தா முடிஞ்சுது. எடுக்காம இருக்கணும்னா ஒரே வழிதான். இத்தனை எரிஞ்சும் நீங்க யாரையும் அடிக்கலேன்னு எனக்குச் சாட்சி வேணும். அது இருந்தா சட்டத்தோட அஸ்திவாரமே ஆடுது, எல்லாத்தையும் நிறுத்தி வெச்சு மேல அனுப்பலாம். யார் இருக்கா?"

"நேத்ரா இருக்கா."

"ஒம்பது வயசு. செல்லாது."

"பக்கத்து வீட்டுக்காரங்க..."

"கதவுக்கு வெளிய இருந்தவங்க. உள்ள யார் இருந்தா?"

எல்லோரும் கோகுல்நாத்தைப் பார்த்தார்கள்.

அவன் புத்தகப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். விலை அட்டை இடறியது. அதைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சார், எனக்கு ஒண்ணு தெளிவாத் தெரியணும்."

"கேளுங்க."

"என் சம்சாரமும் அப்பப்ப கை நீட்டுவான்னு நான் சொன்னேன்னா?"

"டாக்டர் இன்னிக்குச் சொன்னது அடிபட்டுப் போகும். உங்க விலக்கு நிக்கும். பொண்ணைக் கூட்டிட்டுப் போகலாம்."

"இப்பவேவா?"

"இப்பவே."

"இல்லேன்னு சொன்னா?"

"பொண்ணு அம்மாகிட்டயே இருப்பா. உங்க விலக்கை நிறுத்தி வைப்பேன். கதவு கேஸ் திரும்ப உயிர் பெறும். அதைச் செஞ்சவன் நீங்கதான்னு ஆகும்."

"அவன் செத்துட்டான் சார்."

"அதைத்தான் இப்பக் கேக்கறேன். நீங்க புது ஆளா?"

கோகுல்நாத் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. மேசைமேல் விரித்து வைத்திருந்த தன் கையைப் பார்த்தான். விரல்களை மடக்கி விரித்தான். சுபாஷினிக்கு அந்தக் கையைப் பார்க்கத் தோன்றியது. இத்தனை காலத்தில் ஒரு கையைக்கூட அவள் பார்த்ததில்லை. நகம் ஒட்ட வெட்டிய சாதாரணக் கை.

"நிரூ, நீ என்னைப் பழி வாங்கறே" என்றான்.

"இல்ல. உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடறேன். வேற ஆள் இல்ல."

"பிரமாணம் எடுத்தாச்சு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார் தலைவர். "சாட்சியை நீங்களே கேக்கலாம்மா."

நிரஞ்சனா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவன் உட்கார்ந்தே இருந்தான். அவளைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"கோகுல், மூணு வருஷத்துக்கு மேல நம்ம ரெண்டு பேர் மண்டையிலயும் அது எரிஞ்சுகிட்டிருந்துது. ஒரே வீடு, ஒரே கதவு. நான் உன்னையோ அவளையோ ஒரு தடவையாவது அடிச்சேனா?"